குரூப் எடுக்கும்போதே முடிந்துபோகும் கேள்வி

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன படிக்க வைப்பது? நாளிதழ்கள் கல்விக் கண்காட்சி நடத்துகின்றன. டவுன் பஸ்ஸின் பின்புறம் முழுக்கக் கல்லூரி விளம்பரங்கள். சித்தப்பா ஒன்று சொல்வார், டியூஷன் சார் வேறொன்று சொல்வார். இவ்வளவு பரபரப்புக்கும் அடியில் ஒரு உண்மை கவனிக்கப்படாமல் கிடக்கிறது. அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம், பதினைந்து வயதில், பள்ளி அலுவலகத்தில் "எந்த குரூப்?" என்று கேட்டார்களே, அன்றே பாதி வழிகள் அடைபட்டுவிட்டன.

கணிதம், இயற்பியல், வேதியியலோடு கணினி அறிவியல் எடுத்தவருக்கு மருத்துவமும் கால்நடை மருத்துவமும் பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை. 'பியூர் சயின்ஸ்' எடுத்தவருக்குப் பொறியியல் இல்லை, கட்டடக் கலை இல்லை, கப்பல் வேலைக்கான படிப்பும் இல்லை. வணிகவியல் எடுத்தவருக்கு இவை எதுவுமே இல்லை. கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த 'ஃபர்ஸ்ட் குரூப்' ஒன்றுதான் எல்லாப் பக்கமும் வழிவிடுகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. பிள்ளையின் விருப்பம் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது. கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் இன்னொரு தடையும் உண்டு. எந்த குரூப்புக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரோ அந்த குரூப்தான் அங்கே இருக்கும். அடுத்த ஊருக்கு பஸ் ஏற முடியாத பெண் பிள்ளைக்கு, உள்ளூர்ப் பள்ளியில் என்ன பாடம் நடக்கிறதோ அதுவே எதிர்காலமாகிவிடுகிறது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1978 வரை இங்கே பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள். கல்லூரி வளாகத்தில், பேராசிரியர்கள் நடுவில் ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டுப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது, 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது, தேர்வு செய்யும் இடம் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கியது. கோத்தாரி கமிஷன் 1966இல் இந்த முறையைப் பரிந்துரைத்தபோது அதன் உள்ளே ஒரு நல்ல நோக்கம் இருந்தது. பிளஸ் டூ கட்டத்தில் கணிசமான மாணவர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும் என்பதே அது. அதற்காகத் தொழிற்கல்விப் பிரிவுகளும் தொடங்கப்பட்டன. காலப்போக்கில் அவை மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாக மாறின. மேல்நிலைக் கல்வியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் வேட்டை முற்றியது பொறியியலால். 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் நுழைவுத் தேர்வும் வந்தது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக அப்ளிகேஷன் போடவேண்டும். பிறகு எல்லோரும் கிண்டிக்கு வந்தார்கள். இரவு பஸ் பிடித்து வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, காலையில் திரையில் ஓடும் காலியிடப் பட்டியலை அண்ணாந்து பார்த்து நின்ற அப்பாக்களை அந்தக் காலத்து மாணவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். 2007இல் நுழைவுத் தேர்வு நீங்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் ஒன்றே அளவுகோலானது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. உழவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் முதல் பி.இ. பட்டம் வந்தது இந்தக் காலத்தில்தான். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில், 2021-22 கணக்குப்படி இந்தியா 28.4 சதவீதத்தில் இருக்கத் தமிழ்நாடு 47 சதவீதத்தில் இருக்கிறது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை நடத்தின. விடிகாலையில் தொடங்கி இரவு வரை தேர்வுமேல் தேர்வு. மதிப்பெண் கொட்டியது. ஆனால் பொறியியல் முதலாண்டுக் கணிதத்துக்கு அடிப்படையே பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் போன பிள்ளை முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்ததன் காரணங்களில் இது முக்கியமானது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது சரிதான். பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது பள்ளிகளிடம் இருக்கிறது.

கலந்தாய்வு 2018 முதல் இணையத்துக்கு மாறிவிட்டது. பயணம் மிச்சம், ஆனால் அதோடு பக்கத்தில் நின்று சொல்வதற்கு ஆள் இருந்த நிலையும் போனது. ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு இ-சேவை மையத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றால் போதும், நிலைமை புரிந்துவிடும். சாதிச் சான்று இருக்கும், வருமானச் சான்று பழையதாக இருக்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அண்ணன் படித்தாரா, அக்கா படித்தாரா என்று வருவாய்த் துறையில் விசாரிப்பார்கள், ஏனென்றால் அந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். விருப்பப் பட்டியல் போடும்போது வருகிற பிழைகள் இன்னும் கனமானவை. கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்குக் கிடைக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடும். அதனால் மிகவும் விரும்புவதை மேலே போடவேண்டும், சேரவே மாட்டோம் என்பதைப் பட்டியலில் போடவே கூடாது. பெயரில் ஒரே மாதிரியான கல்லூரிகள் நிறைய இருப்பதால் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்கவேண்டும். இந்த மூன்றையும் எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் நல்ல கட்-ஆஃப் வைத்திருந்தும் தேவையற்ற கல்லூரிக்குப் போய்ச் சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு வருவோம். ஒரு காலத்தில் மெக்கானிக்கல், பிறகு கொஞ்சநாள் சிவில், இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும். 2024-25 முதல் நன்றாக நடக்கிற கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியதும் கம்ப்யூட்டர் இடங்கள் பெருகின. சிவிலையும் மெக்கானிக்கலையும் மூடுகிற கல்லூரிகளும் இருக்கின்றன. முதலாண்டு சேரும்போது இருக்கிற வேலைச் சந்தை நான்காம் ஆண்டு முடிக்கும்போது இருப்பதில்லை. 2001இலும் 2008இலும் ஐ.டி. நிறுவனங்கள் ஆளெடுப்பதைச் சுருக்கியபோது வெளியே வந்தவர்களைக் கேட்டால் தெரியும். எனவே சராசரி மதிப்பெண் எடுத்த மாணவருக்கு என் கருத்து இதுதான்: முதலில் கல்லூரியைப் பாருங்கள், பிரிவை அடுத்துப் பாருங்கள். ஆசிரியர்களும் ஆய்வுக்கூடமும் உள்ள ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல், புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டிய கல்லூரியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவைவிட மேல். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன, அவை எந்தக் கல்லூரிக்கு வருகின்றன என்பதுதான் வேறுபடுகிறது. ஒரு கல்லூரியை அளக்க அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியல் உதவும். பத்துப் பேரில் மூன்று பேர் மட்டும் எல்லாப் பாடத்திலும் தேறுகிற கல்லூரியின் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' விளம்பரத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பணத்தையும் சேர்த்தே பேசவேண்டும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. அதற்கு மேல் விடுதி, பஸ், சீருடை, 'பயிற்சிக் கட்டணம்' என்று எவ்வளவு வரும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். நான்கு லட்சம் வரை வங்கிக் கடனுக்கு அடமானம் தேவையில்லை. ஆனால் பதினைந்து அரியரோடு நின்றுபோனவருக்குப் பட்டம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் வந்தது. அதில் சேர்பவருக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தகுதியிருந்தும் இது தெரியாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுவது போன்ற வேதனை வேறில்லை.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே தேர்வு செய்ய அதிகம் இல்லை. 2017 முதல் நீட். நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை காட்டியபடி, அதற்கு முன் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்த தமிழ்வழி மாணவர்களின் பங்கு பிறகு இரண்டு, மூன்றாகச் சரிந்தது. சேர்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் மறுமுறை எழுதியவர்கள் என்ற நிலையும் வந்தது. ஆக, மருத்துவம் படிக்க ஆசைப்படுகிற குடும்பம் ஐந்தரை ஆண்டைக் கணக்கிட்டால் போதாது. முன்னால் ஓராண்டோ ஈராண்டோ கோச்சிங்குக்கும் அதன் செலவுக்கும் தயாராக வேண்டும். தயாராக முடியாதவர்கள் எத்தனையோ பேர். அதை மாணவரின் குறையாகப் பார்ப்பது அநியாயம். ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம். ஆனால் அந்த முடிவு வரும்வரை வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, ஆய்வகம், கதிரியக்கம், டயாலிசிஸ் சார்ந்த துணை மருத்துவப் படிப்புகள் என்று மருத்துவமனையை நடத்துகிற பணிகள் பல இருக்கின்றன.

எண்ணிக்கையில் பெரிய கூட்டம் போவது கலை அறிவியல் கல்லூரிக்கு. இதைப் பற்றித்தான் பத்திரிகைகள் மிகக் குறைவாக எழுதுகின்றன. அரசுக் கல்லூரியில் சேருகிற செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பி.காம். இடத்துக்கு இன்று நடக்கிற போட்டி பல பொறியியல் கல்லூரிகளில் இல்லை. இரண்டு ஷிப்ட் முறையால் காலையில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிற மாணவரையும் இங்கே பார்க்கலாம். இந்தப் பாதையின் பலம், அது எதையும் முழுதாக அடைப்பதில்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் எம்.சி.ஏ. போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம், ஆட்சிப் பணித் தேர்வு எழுதலாம். வணிகவியல் மாணவர் பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதத் தொடங்கலாம். தேர்ச்சி கடினம்தான், ஆனால் கட்டணம் ஒரு பொறியியல் படிப்போடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பலவீனம் என்னவென்றால், மூன்று வருடத்தையும் சும்மா கழித்துவிட்டு வெளியே வருவதும் இங்கே எளிது. தமிழ்வழியில் படிப்பவருக்கு ஒரு செய்தி: தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீதம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கென 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2020இல் வந்த திருத்தப்படி பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும். குரூப்-4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்பதால் பட்டப் படிப்பின் முதலாண்டிலேயே தயாராகத் தொடங்கலாம். ஆனால் படிப்பை முடித்துவிட்டு ஐந்தாறு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்கே வாழ்வது ஆபத்தானது. கையில் இன்னொரு தொழில் இருக்கட்டும்.

நான் அதிகம் வாதாட விரும்புவது ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போவதை உறவினர்களிடம் சொல்லக் கூச்சப்படுகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். நடைமுறையைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். மொழிப் பாடத் தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணைச் சான்று. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. பிளஸ் டூ கட்-ஆஃப் எதுவும் இல்லாமல் பொறியாளர் ஆகிற வழி இது. ஒவ்வொரு படியிலும் நின்று வேலைக்குப் போகலாம், பிறகு திரும்பவும் ஏறலாம். பிளஸ் டூவில் கணிதம் தவறிய பிள்ளைக்குப் பொறியியலே இல்லை என்று சொல்கிற வீட்டில் இந்தப் படிவரிசை தெரிந்திருப்பதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2022 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு ஐ.டி.ஐ.களில் ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. இயந்திரங்களோடு புதிய கூடங்கள் அமைக்கும் பணி தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஓசூர் ஆலைகள் முதலில் தேடுவது இவர்களைத்தான். கையால் ஒரு வேலையைப் பிழையின்றிச் செய்யத் தெரிந்த இருபது வயது இளைஞரை அரியரோடு திரும்பி வந்த இருபத்திரண்டு வயதுக்காரருக்குக் கீழாக நாம் ஏன் வைத்தோம்?

பிளஸ் டூவோடு நேரே வேலைக்குப் போவதும் ஒரு வழிதான், ஆனால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஸோஹோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பள்ளி முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. எச்.சி.எல். நிறுவனமும் பிளஸ் டூ மாணவர்களுக்கு இப்படியொரு திட்டம் வைத்திருக்கிறது. இவை திறமையைக் கூட்டுகிற வேலைகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை திறந்தபோது வட மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். வீட்டுக்குச் சம்பளம் வந்தது, தன் காலில் நிற்கிற துணிவு வந்தது. 2014இல் ஆலை மூடப்பட்டதும் கையில் இருந்தது அதே பிளஸ் டூ சான்றிதழ்தான். இன்று கைப்பேசி ஆலைகள் மீண்டும் பெரிய அளவில் பெண்களை எடுக்கின்றன. அங்கே போகிற ஒவ்வொரு பெண்ணும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலாவது ஒரு பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு போகவேண்டும் என்று சொல்வேன்.

பெண் பிள்ளைகளின் கணக்கு தனிக் கணக்கு. எந்தப் படிப்பு என்பதற்கு முன்னால் எவ்வளவு தூரம், விடுதி உண்டா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று சொல்லி நூற்பாலைகள் பெண்களைக் கூட்டிப்போன 'சுமங்கலி' வழக்கத்தைத் திண்டுக்கல், திருப்பூர் பக்கத்து மக்கள் அறிவார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று ஆண்களுக்கும் வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் போய்க் கேட்கட்டும். படிப்பை நிறுத்தச் சொல்லும்போது எதிர்த்துப் பேச அந்தப் பெண்ணுக்கு அது ஒரு பிடி.

இவ்வளவு வழிகளையும் பிள்ளைக்கு யார் சொல்வது? படித்த குடும்பத்துக்கு மாமா இருக்கிறார், அப்பாவின் நண்பர் இருக்கிறார். முதல் தலைமுறைக்குப் பல சமயம் முதலில் வருகிறவர் புரோக்கர். ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறவர் கொடுக்கிற ஆலோசனை யாருக்கு ஆதாயம் என்று விளக்கவேண்டியதில்லை. 'இடம் போய்விடும்' என்று சொல்லி அசல் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற கல்லூரிகளும் உண்டு. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் விதிப்படி கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லியிருக்கிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2022இல் நான் முதல்வன் திட்டமும் அதன் பகுதியாகக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் வந்தன, பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேர முடியும் என்று தோற்ற பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சொல்கிறார்கள். அருமையான வேலை.

அந்த வேலை பிளஸ் டூவில் தொடங்குகிறது என்பதே என் குறை. ஒன்பதாம் வகுப்புக்கு அது இறங்கிவரவேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் அச்சிட்ட ஒரு தாள் போகட்டும். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புகளுக்குப் போக முடியாது, அப்படிப் போன வழியை எங்கே எப்படித் திரும்பப் பிடிக்கலாம், அதற்கு எவ்வளவு காலமும் பணமும் ஆகும் என்று அதில் இருக்கட்டும். ஐ.டி.ஐ.யிலிருந்து பி.இ. வரையுள்ள படிவரிசை அதில் இருக்கவேண்டும். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைத் தனிப் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் அனுமதித்திருப்பதும் இருக்கவேண்டும். பக்கத்து ஊர்களில் எந்தப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, அங்கே போக எந்த பஸ் என்பதும் இருக்கவேண்டும். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிற பள்ளிகளில் அதை ஜூன் மாதத்துக்கு முன் நிரப்பவேண்டும், அல்லது அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஊர் விடுதியில் இடம் கொடுக்கவேண்டும்.